ஆறு சக்கரப் புலிவண்டி

வியாழக்கிழமை காலை குழலி சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து முத்துக்குமார் கையிலிருந்த காபியை வாயில் வைக்கவில்லை.

"வேலு அண்ணன் ஊர விட்டே போறாராம். ஒர்க்‌ஷாப்ப வித்தாச்சாம். ஓசூர்ல மக சந்தியா வூட்டோட போயி இருக்கப் போறாங்களாம். வர்ற ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு டெம்போ வருதாம். அவரு வூட்டுக்காரம்மா ரேணுகாதான் மார்க்கெட்ல பார்த்து சொல்லிச்சி," என்றாள் குழலி. சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏலவார்குழலி என்று அம்மன் பெயரை முழுசாக வைத்திருப்பவள். அவள் அப்படிப் பார்க்கும்போது பொய் சொல்ல முத்துக்குமாரால் இன்றுவரை முடிந்ததில்லை.

"போனா போவட்டும்," என்றார்.

"ஆமா, போவட்டும். மொதல்ல அந்த டம்ளரக் கீழ வையிங்க, காபி ஆறி ஏடு கட்டிடுச்சி."

வேலு என்கிற வேல்முருகனோடு முத்துக்குமார் பேசி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறா என்றால் இல்லை. பெண் விவகாரமா என்றால் அதுவும் இல்லை. ஒரு காரால் வந்த வினை. அதுவும் ஓடுகிற கார்கூடக் கிடையாது, படக்கதைப் புத்தகத்தில் வருகிற கார். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று இரண்டு பேருமே பெண்டாட்டியைத் தவிர யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஏதோ நில விவகாரம் போல என்று பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துக்கொண்டு போகட்டும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

அந்தப் படக்கதை நாயகன் ராப்புலியைத் தெரியாத பாவப்பட்ட ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பகலில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பொழுது சாய்ந்தால் புலி முகமூடி. மாதம் ஒரு புத்தகம், மாதம் ஒரு கொள்ளைக் கூட்டம். அவனுக்குப் பறக்கத் தெரியாது, மலையைத் தூக்கத் தெரியாது, நாலு பேர் சேர்ந்து அடித்தால் மயங்கிக்கூட விழுவான். அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவனுடைய காரான புலிவண்டிதான். சாவி இல்லாமல் கிளம்பும், எஜமான் குரல் கேட்டால் தானாக வந்து நிற்கும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை படம் வரைகிறவர் மாறுவார், கூடவே வண்டியும் மாறும். ராப்புலியின் முகம் மாறினால்கூட வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வண்டி மாறினால் கடிதம் எழுதித் தீர்த்துவிடுவார்கள்.

முத்துக்குமார் தறிக்கார வீட்டுப் பிள்ளை. வேலு திருப்புட்குழியில் விவசாய வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து காஞ்சிபுரத்தில் படித்தவன். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் சர்வதீர்த்தக் குளத்துப் படியில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். இரண்டு பேரும் "ம்" என்று சொன்னால்தான் பக்கத்தைப் புரட்டலாம் என்று சட்டம். வேலு எழுத்தை வேகமாகப் படித்துவிடுவான். முத்துக்குமார் காரையே பார்த்துக்கொண்டு "ம்" சொல்ல மாட்டார். "தூங்கறியாடா?" என்று இடுப்பில் ஒரு இடி விழும். திருப்புட்குழிக்குப் போகிற பஸ் இப்படி எத்தனையோ நாள் வேலுவை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

முத்துக்குமாருக்கு உயிர், எழுபதுகளில் வந்த முதல் வண்டி. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடைத்த இதழ்கள் அவை. நீளமான மூக்கு, புருவம் வைத்த இரண்டு விளக்கு, பின்னால் மீன்வால் போல இரண்டு தகடு, பார்த்தால் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றும் ஒரு குண்டு உடம்பு. கறுப்பும் ஆரஞ்சும் இரண்டே நிறம். ஆரஞ்சு எந்த இதழிலும் கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்ததே கிடையாது, காரை விட்டு ஒரு நூல் வெளியே வழிந்து நிற்கும். அது அச்சுப்பிழை என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்! வண்டி போகிற வேகத்தில் நிறம் பின்தங்கிவிடுகிறது என்று முத்துக்குமார் சாதித்தார். வேலுவும் அதை நம்பினான், அப்போது.

எண்பத்தாறு பொங்கல் மலரில் புது வண்டி வந்தது. வேலுவுக்குப் புத்தி பேதலித்துப் போனது. சப்பையாக, மூலைக்கு மூலை மடித்த தகரப் பெட்டி மாதிரி ஒரு கார். கதவுகள் மேல்நோக்கித் திறக்கும். முக்கியமாக, சக்கரம் ஆறு. நடுப்பக்கத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே படம். அந்த மலர் ஊருக்கு வராமல் போக, வேலு உடம்பில் காய்ச்சலோடு பஸ் ஏறி மெட்ராஸ் போய், நாலு கடை ஏறி இறங்கி வாங்கிவந்தான்.

"ஆறு சக்கரம் வெச்ச வண்டி நம்ம தெருவுல திரும்புமாடா? முக்குல மாட்டிக்கினு நிக்கும்," என்பார் முத்துக்குமார்.

"ஒரு டயர் பஞ்சரானா உன் குண்டு வண்டி குந்திக்கும். என்னுது போய்க்கினே இருக்கும்," என்பான் வேலு.

இந்த ஒரு சண்டை பத்து வருஷம் ஓடியது. சண்டை என்ன சண்டை, அதுதான் அவர்களுடைய சந்தோஷம். வேலு கார் மெக்கானிக் ஆனதற்கும், முத்துக்குமார் பட்டுக்கு டிசைன் போடுகிறவர் ஆனதற்கும் அந்த வண்டிதான் காரணம். வேறு என்ன காரணம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தொண்ணூற்றாறு ஆவணியில் வேலுவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். நண்பனுக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் நெய்து, அதன் முகப்பில் ஆறு சக்கர வண்டியைக் கொண்டுவந்து, மணவறையில் போர்த்திவிட வேண்டும் என்று முத்துக்குமாருக்கு ஆசை. யாருக்கும் சொல்லவில்லை. "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று பொங்கல் மலரை வாங்கி வந்தார். ஒரு படத்தை நெசவுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் அதன்மேல் பென்சிலால் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் கொடுத்து, அதைப் பார்த்துக் கிராப் தாளில் இழை இழையாக ஏற்ற வேண்டும். மாங்காய், மயில், அன்னம் எல்லாம் அப்படித்தான். கை பழகிய வேலை. ஸ்கேலை வைத்து, அந்த நடுப்பக்கம் முழுக்கப் பென்சிலால் கோடு இழுத்து, ஓரத்தில் நம்பரும் போட்டுவிட்டார். புத்தகமாயிற்றே என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

பத்திரிகை கொடுக்க வந்த வேலு அதைப் பார்த்துவிட்டான்.

"என்னாடா பண்ணி வெச்சிருக்கற? பாவி! என்னாடா பண்ணி வெச்சிருக்கற?" என்று போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. டிசைன் வாங்க வந்திருந்த இரண்டு பட்டு வியாபாரிகள் வேறு உட்கார்ந்திருந்தார்கள். உனக்காகத்தானடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாலு பேர் முன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பொம்மப் புத்தகத்துக்கா இந்தக் குதி குதிக்கற? கழுத வயசாவுது, கல்யாணம் ஆவப்போவுது!" என்று சொல்லிவிட்டார் முத்துக்குமார்.

வேலு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை.

அதற்கப்புறம் கருட சேவைக் கூட்டத்தில் ஒருமுறை நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்திப் பெருமாளைப் பார்க்க ஆரம்பித்து, சாமி தெரு முனை தாண்டுகிறவரை பக்தியாக நின்றார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தரையோடு தரையாக, ஜன்னலே இல்லாத கறுப்புப் புலிவண்டி வந்தது. அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று முத்துக்குமாருக்கு இன்றுவரை தெரியாது. சண்டை போட ஆள் இல்லாமல் எப்படித் தெரியும்? ரெண்டாயிரத்துப் பத்தில் வந்தது கம்ப்யூட்டர் வண்டி, நனைந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழ என்றிருக்கும், அதைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை. இப்போது நரைத்த வாசகர்களுக்காகக் கெட்டி அட்டையில் வருகிற புத்தகத்தில் புலிவண்டி கரண்டில் ஓடுகிறது. சத்தமே கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு அந்தப் புத்தகம் இரண்டே பிரதிதான் வரும். ஒன்று முத்துக்குமாருக்கு. இன்னொன்று யாருக்கு என்று கடைக்காரர் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

அந்த இரண்டாவது பிரதி இனி ஓசூருக்குப் போய்விடும். ஒரே ஊரில் பேசாமல் இருப்பது வேறு. எப்போது வேண்டுமானாலும் பேசிவிடலாம் என்கிற தைரியத்தில்தான் முத்துக்குமார் இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டியிருந்தார். அந்தத் தைரியத்துக்கு இப்போது பத்து நாள் கெடு வைத்துவிட்டார்கள்.

"நேராப் போயி பேசுங்களேன். வாய்ல என்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்றாள் குழலி.

"போயி என்னான்னு ஆரம்பிக்கறது?"

"அதுவும் சரிதான். பேச வந்திருந்தா அன்னிக்கே பேசியிருப்பீங்க. உங்களுக்கு வந்தது டிசைன் ஒண்ணுதான."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். முத்துக்குமார் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு அங்கவஸ்திரம். முகப்பில் வரிசையாக ஐந்து புலிவண்டி, எழுபதிலிருந்து இன்றுவரை. நடுவில், மற்றதைவிடப் பெரிதாக, வேலுவின் ஆறு சக்கரம். தன் குண்டு வண்டி ஓரத்தில் நின்றால் போதும். தோற்றுவிட்டேன் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அடுத்த தெரு தினகரன் தறியில் வெள்ளைப் பட்டுப் பாவு ஏறித் தயாராக இருந்தது. ஒரு வாரத்துக்குள் நெய்து தருகிறேன் என்று அவனும் ஒத்துக்கொண்டான். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு "ஆர்டர்" என்று மழுப்பிவிட்டார்.

நான்கு வண்டியைக் கம்ப்யூட்டரில் போட்டார். குண்டு வண்டிக்கு ஆரஞ்சு ஊடையை ஒரு இழை வெளியே தள்ளியே விட்டார், அச்சில் இருந்தது போலவே. அதைப் போடும்போது திரையைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்ததைக் குழலி பார்த்தாள், பார்க்காத மாதிரி போய்விட்டாள். ஆறு சக்கரம் மட்டும் கம்ப்யூட்டரில் போட அவருக்கு மனசு வரவில்லை. கையால் போட வேண்டும் என்று தோன்றியது. பொங்கல் மலர் கையில் இல்லைதான். கட்டம் போட்டு நம்பர் கொடுத்த படமாயிற்றே, எந்தக் கட்டத்தில் எந்தக் கோடு திரும்புகிறது என்பது அப்படியே மனசில் நின்றது. பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய கிராப் தாளை எடுத்து விரித்து, இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் போட்டார். கழுத்து பிடித்துக்கொண்டது. டிசைனைத் துளைகளாகத் தறி அட்டையில் குத்துகிறவரிடம் மொத்தத்தையும் கொடுத்து, அட்டையைத் தினகரன் தறியில் ஏற்றிய பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மறு வாரம் சனிக்கிழமை மதியம் தினகரன் துணியை அறுத்துக் கொண்டுவந்தான்.

"அண்ணே, நடுவுல இருக்கறது பஸ்ஸா?" என்று கேட்டான்.

முத்துக்குமார் விரித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான்கு வண்டியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்திருந்தது. நடுவிலிருந்த வேலுவின் வண்டி மட்டும் மேல்நோக்கி இழுத்துவிட்ட மாதிரி உயரமாக நின்றது. பக்கவாட்டில் தெரிந்த மூன்று சக்கரமும் மூன்று கோழிமுட்டை.

என்ன தப்பு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் இன்னும் அவமானமாக இருந்தது. கிராப் தாளில் கட்டம் எல்லாத் தாளிலும் சதுரமாக இருக்காது. துணியில் ஒரு அங்குலத்துக்கு நீளவாக்கில் ஓடும் பாவு இழை எத்தனை, குறுக்கே விழும் ஊடை இழை எத்தனை என்பதற்குத் தக்கபடி கட்டம் சப்பையாகவோ உயரமாகவோ இருக்கும். துணிக்கு ஏற்ற தாளை எடுப்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. பீரோவிலிருந்து வந்தது ஊடை நெருக்கமாக விழுகிற பழைய பார்டர் வேலைக்கான தாள், கட்டம் கொஞ்சம் சப்பை. தாளில் வட்டமாகத் தெரிந்தது, இந்தத் துணியில் முட்டையாக எழும்பிவிட்டது. பதினைந்து வருஷமாக இந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டதில், தாளை எடுத்தால் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இத எடுத்துக்கினு அவன் மூஞ்சில எப்பிடி முழிக்கறது? வேணும்னே பண்ணேன்னு நெனைப்பான். அன்னிக்குப் புத்தகத்த கெடுத்தேன், இன்னிக்கு வண்டியவே கெடுத்துட்டேன்," என்று குழலியிடம் புலம்பினார். புதிதாக அட்டை குத்தி, மறுபடி நெய்ய நேரமில்லை. துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேணுகாவுக்குச் சாமான் ஏற்ற ஒத்தாசை செய்துவிட்டு வருகிறேன் என்று குழலி கிளம்பினாள். அரைமணி கழித்து ஏதோ சந்தேகம் தட்ட, முத்துக்குமார் அலமாரியைத் திறந்து பார்த்தார். துணி இல்லை. சட்டையை மாட்டி, பொத்தானை மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி மாட்டுவதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

வேல்முருகன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தலை முழுக்க நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, வயிறு வைத்து, ஆனால் அந்தக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் பேரு சக்கரமாடா?"

இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. முத்துக்குமார் பாதி போட்ட பொத்தானைத் திருகினார்.

"கேக்கறன் இல்ல? உன் குண்டு வண்டி மட்டும் ரவுண்டா, லட்டு மாதிரி சக்கரத்தோட நிக்குது. என்னுத மட்டும் முட்டை மேல நிக்க வெச்சிருக்கற. வேணும்னே பண்ணியா? ஊர விட்டுப் போறவன நக்கல் பண்ணி அனுப்பறியா?"

"சத்தியமா இல்லடா. தாளு மாறிப்போச்சி," என்றார் முத்துக்குமார். "மத்த நாலும் கம்ப்யூட்டர்ல போட்டது. உன்னுத மட்டும் கையால போட்டேன். ஆசையாப் போட்டேன்டா. பழைய தாள எடுத்துட்டேன், கட்டத்த பார்க்கல."

"முப்பது வருசமா டிசைன் போடறவன் கட்டத்த பார்க்கல?"

"பார்க்கல."

வேலு மறுபடி துணியைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வண்டிக் கதவை விரலால் தடவினார். மேல்நோக்கித் திறந்திருந்த கதவு, கைப்பிடிக்குக் கீழே இரண்டு சின்னக் கோடு. அந்தக் கோடுவரை எல்லாமே இருந்தது.

"அன்னிக்குக் கட்டம் போட்டதும் இதுக்குத்தான்டா," என்றார் முத்துக்குமார். "உன் கல்யாணத்துக்கு நெய்யலாம்னு."

"தெரியும்."

"தெரியுமா?"

"குழலி ரேணுகாகிட்ட சொல்லி பதினஞ்சி வருசம் ஆவுது. ரெண்டும் பேசிக்காத விஷயமே கெடையாது."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"கோட்டுக்கா பேசாம இருந்தேன்? அத அன்னிக்கு ராத்திரியே ரப்பர் போட்டு அழிச்சிட்டேன்." வேலு துணியைத் தாழ்த்தினார். "பொம்மப் புத்தகம்னு சொன்ன பாரு. வேற எவனாவது சொல்லியிருந்தா சிரிச்சிக்கினு போயிருப்பேன். எங்கப்பா சொன்னாரு, வாத்தியார் சொன்னாரு, எவன் சொல்லல? நீ சொல்லலாமாடா? உலகத்துலயே அது பொம்மப் புத்தகம் இல்லன்னு தெரிஞ்ச இன்னொருத்தன் நீ ஒருத்தன்தானேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

முத்துக்குமார் அழுதார். வெட்கமே படாமல், சட்டைக் காலரால் துடைத்துக்கொண்டே அழுதார்.

"தப்புடா," என்றார். "வாய் தவறி வரல, நாலு பேருக்குப் பயந்துதான் சொன்னேன். சொன்ன அன்னிக்கே தெரியும் எனக்கு, தப்புன்னு."

வேலுவின் போன் அடித்தது. டெம்போ டிரைவர். "வர்றேன் இருப்பா" என்று வைத்தார். அங்கவஸ்திரத்தை நாலாக மடித்தார், ஓரம் ஓரத்தோடு சேர, நிதானமாக. மடித்து முத்துக்குமாரின் கையில் திருப்பி வைத்தார்.

"இத நான் எடுத்துக்கினு போவ மாட்டேன்."

சரி, அவ்வளவுதான் என்று முத்துக்குமார் நினைத்தார். துணியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"என்னா தலைய ஆட்டற? சரியான தாள்ல போட்டு, சக்கரத்த ரவுண்டாக்கி வையி. தை மாசம் வந்து வாங்கிக்கறேன்," என்றார் வேலு. பைக்கை உதைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "பின்னால ரெண்டு சக்கரம் கொஞ்சம் பெருசு. அது ஞாபகம் இருக்குதா உனக்கு?"

"எல்லாம் ஒரே அளவுடா."

"பெருசுடா!"

"ஒரே அளவு. நான் கட்டம் போட்டவன்."

"தையில வந்து பேசிக்கறேன் உன்ன!" என்று கத்திக்கொண்டே வேலு தெருமுனை திரும்பிப் போனார்.

டெம்போவை அனுப்பிவிட்டுக் குழலி வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. முத்துக்குமார் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார், தானே போட்டுக்கொண்டு. பக்கத்தில் மடித்தபடி அங்கவஸ்திரம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் தொங்கிவிட்டது.

"வாங்கிக்கலியாங்க?"

"வாங்கிக்கல," என்றார் முத்துக்குமார். "வந்து வாங்கிக்கறானாம். கொஞ்சம் ரசம் ஊத்து."